சிகாகோவின் ஃப்ரீ ஜாஸை நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர் எப்படிக் கேட்பது?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஆகஸ்டில் மேற்படிப்புக்காகச் சிகாகோ போகிறேன். ஃப்ரீ ஜாஸுக்கு அந்த ஊர் பேர்போனது என்றார்கள். ஒரு வீடியோ போட்டுப் பார்த்தேன். இரண்டு சாக்ஸபோன், ஒரு டிரம்ஸ், முக்கால் மணி நேரம் ஒரே அலறல். நான் கொப்புடையம்மன் கோவில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். ஆலாபனையும் அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதுதான். அது இனிக்கிறது, இது ஏன் காதைக் குத்துகிறது? இதை எப்படிக் கேட்பது? நம்ம செட்டிநாட்டில் இப்படி ஒன்று நடக்குமா?"

தம்பி, ஃப்ரீ ஜாஸ் என்பது முன்பே வகுத்த மெட்டுக்கும் தாளத்துக்கும் கட்டுப்படாமல் அந்த நேரத்தில் உருவாக்கும் ஜாஸ். நீங்கள் பார்த்தது அந்த ஊர் இசையின் ஒரு மூலை. அதுவும் உண்மையான மூலைதான், ஆனால் வாசல் அது இல்லை. வேலை நிமித்தம் சில வருடம் அங்கே இருந்து, அந்தக் கச்சேரிகளைத் தேடித் தேடிக் கேட்டவன் என்பதால் சொல்கிறேன். சிகாகோவைத் தனியாக நிறுத்தும் விஷயங்கள் இரண்டு. அங்கே கலைஞர்கள் தங்கள் கச்சேரியைத் தாங்களே நடத்திக்கொண்டார்கள். வாசிப்புக்கு நடுவில் அமைதிக்கும் சின்னச் சின்ன ஓசைகளுக்கும் இடம் வைத்தார்கள். முதலாவது பிடிபட்டால் இரண்டாவது எளிதாகப் பிடிபடும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

1910களின் நடுவிலிருந்து 1970 வரை, அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மிசிசிப்பி, லூசியானா பக்கம் ரயிலேறியவர்களில் பலர் வந்து இறங்கிய ஊர் சிகாகோ. ஊரின் தெற்குப் பாதியான சவுத் சைடில்தான் அவர்களுக்கு வீடு கிடைத்தது; மற்ற பகுதிகளில் வாடகைக்குக்கூட விடமாட்டார்கள். நம்ம ஊர்க்காரர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனது உங்களுக்கு நினைவு வரலாம். அந்த ஒப்பீடு சரிவராது. நம் ஆட்கள் முதலோடு போய், சம்பாதித்துத் திரும்பி, தேக்குத் தூண் நிறுத்தி வீடு கட்டினார்கள். அவர்கள் உயிருக்கும் மானத்துக்கும் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள். அங்கே உருவான இசையில் இந்த வேறுபாடு எப்போதும் கேட்கும்.

வந்த இடத்தில் இசை தழைத்தது. டூசேபிள் உயர்நிலைப் பள்ளியில் 'கேப்டன்' வால்டர் டயட் என்ற ஆசிரியர் இருந்தார். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. நாட் கிங் கோல், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன், பின்னாளில் ஜோசஃப் ஜார்மன் எல்லாரும் அந்தப் பள்ளிக்கூட பேண்டில் உருவானவர்கள். 1946இல் சிகாகோவுக்கு வந்த சன் ரா, 1961 வரை அங்கே இருந்து தன் பெரிய குழுவைக் கட்டினார். இசைத்தட்டுகளையும் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். ஆக, சுயமாக நிற்கும் பழக்கம் அந்த ஊருக்குப் புதிது இல்லை.

1960களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. ஜாஸ் வாசித்த மதுக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. மிச்சமிருந்த இடங்களில் முதலாளி கேட்பதைத்தான் வாசிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் என்ற பியானோக்காரர் (பின்னாளில் முகல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ்; 1930இல் பிறந்தவர், பெரும்பாலும் தானே கற்றவர்) 'எக்ஸ்பெரிமென்டல் பேண்ட்' என்று ஒரு குழுவை நடத்தி வந்தார். அது மேடையைவிட ஒத்திகைக்காகவே இருந்த குழு. இளைஞர்கள் தாங்கள் எழுதியதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், குழு வாசித்துக் காட்டும், எது நிற்கிறது எது நிற்கவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த ஒத்திகைகளைச் சுற்றித்தான் 1965 மே மாதம் ஒரு சங்கம் பிறந்தது: அசோசியேஷன் ஃபார் தி அட்வான்ஸ்மென்ட் ஆஃப் கிரியேட்டிவ் மியூசிஷியன்ஸ், சுருக்கமாக ஏ.ஏ.சி.எம். கூட்டத்துக்கு அழைத்தவர்கள் நான்கு பேர்: ஏப்ரம்ஸ், இன்னொரு பியானோக்காரர் ஜோடி கிறிஸ்டியன், டிரம்ஸ் ஸ்டீவ் மெக்கால், டிரம்பெட் ஃபில் கோரன். முதல் கூட்டங்களில் அவர்கள் அதிகம் விவாதித்தது எதைப் பற்றித் தெரியுமா? சங்கத்தின் கச்சேரிகளில் உறுப்பினர்கள் சொந்தமாக உருவாக்கிய இசையை மட்டும்தான் வாசிக்க வேண்டுமா என்பதைப் பற்றி. பழைய பாட்டுகளைச் சேர்த்தால் கூட்டம் வரும், காசு வரும். இருந்தும், சொந்த இசை என்றே முடிவெடுத்தார்கள். இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கையில் காசில்லாத, வேலை குறைந்துகொண்டிருந்த கலைஞர்கள் எடுத்த முடிவு அது.

அப்புறம் அவர்கள் செய்ததெல்லாம் இந்த முடிவிலிருந்து வந்ததுதான். சந்தா போட்டார்கள். மதுக்கூடத்தை விட்டு சமூகக்கூடங்கள், பல்கலைக்கழக அரங்குகள் என்று இடம் பிடித்தார்கள். டிக்கெட் கிழித்தது, நாற்காலி போட்டது, நோட்டீஸ் ஒட்டியது எல்லாம் அவர்களே. 1967இல் சவுத் சைடு பிள்ளைகளுக்கு இலவச இசைப் பள்ளி தொடங்கினார்கள். பல வருடம் கழித்து சங்கத்தின் முக்கியப் பெயர்களாக வந்த சிலர் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான். செட்டிநாட்டுக்காரருக்கு இந்த ஏற்பாடு விளங்குவது கஷ்டமில்லை. ஒன்பது நகரக் கோவில்களும் கல்யாணமான குடும்பத்தை ஒரு புள்ளியாக எண்ணி, புள்ளி வரி வாங்கி, யார் தயவும் இல்லாமல் நடந்து வந்தவைதானே. 1943இல் தமிழிசைச் சங்கம் தொடங்க அண்ணாமலைச் செட்டியார் முன்நின்றபோதும், மேடையில் எதைப் பாடுவது என்ற கேள்விக்கு ஒரு நிறுவனத்தைக் கட்டியே பதில் சொன்னார்கள். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம்மிடம் பணம் வைத்திருந்தவர்கள் கட்டினார்கள். சிகாகோவில் வாசித்தவர்களே கட்டினார்கள்.

சரி, இசைக்கு வருவோம்.

ஃப்ரீ ஜாஸ் என்ற பெயர் பரவியது நியூயார்க்கிலிருந்து. ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். ஜான் கோல்ட்ரேன் 1965இல் பதினோரு பேரை வைத்துக்கொண்டு ஒரு புயலையே கிளப்பினார். நியூயார்க் வழி பெரும்பாலும் அந்த வேகம், அந்த நெருக்கம். ஏ.ஏ.சி.எம்.காரர்கள் 1966இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு, சாக்ஸபோன்காரர் ராஸ்கோ மிட்செலின் 'சவுண்ட்'. அதைப் போட்டால் முதலில் திகைப்பது அதிலுள்ள இடைவெளிகளைக் கேட்டுத்தான். ஒருவர் ஒரு ஓசையை எழுப்பிவிட்டு நிறுத்துவார். அது அடங்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அப்புறம் ஒரு மணி, ஒரு விசில், ஒரு ஹார்மோனிகா. விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கக்கூடிய இந்தக் கருவிகளை அவர்கள் 'லிட்டில் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்றே அழைத்தார்கள். ஒரு சின்ன மணியின் ஓசைக்கும் சாக்ஸபோனுக்குத் தரும் மரியாதையையே தந்தார்கள். சிகாகோ எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான்.

மிட்செல், டிரம்பெட் லெஸ்டர் போவி, பேஸ் மலகாய் ஃபேவர்ஸ், சாக்ஸபோன் ஜோசஃப் ஜார்மன் ஆகிய நால்வரும் 1969 ஜூனில் பாரிஸுக்குக் கப்பலேறினார்கள். பெயரோடு 'ஆஃப் சிகாகோ' ஒட்டிக்கொண்டு ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ ஆனது அங்கேதான். டிரம்ஸ் வாசிக்கும் டான் மோயும் அங்கே சேர்ந்தார். மேடையில் ஃபேவர்ஸும் ஜார்மனும் மோயும் முகத்தில் வண்ணம் தீட்டி, ஆப்பிரிக்க, ஆசிய உடைகளில் நிற்பார்கள். போவி ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டில் வருவார். மிட்செல் சாதாரண உடையில். வாசிக்கத் தொடங்கும் முன் ஐவரும் கிழக்கு நோக்கித் திரும்பி ஒரு கணம் மௌனமாக நிற்பார்கள். தங்கள் இசைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட முழக்கம் 'கிரேட் பிளாக் மியூசிக்: ஏன்ஷியன்ட் டு தி ஃப்யூச்சர்'. கோவில் வாசலில் வளர்ந்த உங்களுக்கு அந்த மௌனம் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. ஆலாபனை இனிக்கிறது, இது குத்துகிறது, ஏன்?

இரண்டுமே அந்தக் கணத்தில் உருவாவதுதானே, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலாபனையில் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது. முதலாவது சுருதி. ஒத்து ஊதுகிறவர் விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்திருக்கிறார். இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. நாயனக்காரர் எவ்வளவு தூரம் போனாலும் வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது ராகம். காம்போதி எடுத்தால், பெயர் தெரியாதவருக்குக்கூட அதன் நடை காதில் ஊறியிருக்கிறது. மேல் ஷட்ஜமத்தை எப்போது தொடுவார் என்று மனம் முன்னாலேயே ஓடுகிறது. மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் வழிநடத்துகிறார், மற்றவர் பின்தொடர்கிறார். மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனை, எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த மூன்றுக்குள் நின்றுதான் அது பேசுகிறது.

சிகாகோவின் கூட்டு மனோதர்மத்தில் இந்த மூன்றும் முன்கூட்டியே தரப்படுவதில்லை. பொதுவான சுருதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ராகத்தின் இடத்தில் எழுதப்பட்ட ஒரு சின்ன வரியோ, ஒரு குறியீடோ, 'இங்கே மூவர், அங்கே தனி' என்ற ஏற்பாடோ இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் தொடங்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம். பிடிமானத்தை அவர்கள் வாசிக்க வாசிக்கவே கட்டுகிறார்கள். உங்கள் காது ராகத்தைத் தேடுகிறது, கிடைக்காததால் எல்லாமே அலறலாகப் படுகிறது. தேடுவதை மாற்றினால் கேட்கும் விதமும் மாறிவிடும்.

எதைத் தேடுவது? யார் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சாக்ஸபோன் ஒரு கரகரப்பான ஒலி எழுப்பியதும் பேஸ்காரர் வில்லைத் தந்திமேல் வைத்து அதே கரகரப்பைத் தருகிறாரா, இல்லை வேண்டுமென்றே எதிராகப் போகிறாரா? யார் வாசிக்காமல் நிற்கிறார், அவர் உள்ளே வந்ததும் என்ன மாறியது? மூன்றாவது நிமிடத்தில் வந்த ஒரு சிறு துணுக்கு இருபதாவது நிமிடத்தில் வேறு உருவில் திரும்புகிறதா? முக்கியமாக, எப்படி முடிக்கிறார்கள்? யாரும் கை காட்டாமல், தாளம் இல்லாமல், ஐந்து பேர் ஒரே மூச்சில் நிறுத்துவார்கள். நாள்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்தவர்களால்தான் அது முடியும்.

இதற்கான காதில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு தவில் தனியில் மோதிக்கொள்ளும்போது ஸ்வரம் எங்கே இருக்கிறது? வலந்தலையில் விழும் விரலையும் தொப்பியில் விழும் குச்சியையும்தான் ரசிக்கிறோம். ஓசையை ஓசையாகவே கேட்கும் பழக்கம் அது. வாசிக்கும் முன் நாயனக்காரர் சீவாளியை நனைத்து ஊதிப் பார்க்கும்போது வரும் கீச்சொலிகள் நினைவிருக்கிறதா? நம் மரபில் அது கச்சேரிக்கு வெளியே நிற்கிறது. மிட்செலும் ஏ.ஏ.சி.எம்.மின் இன்னொரு சாக்ஸபோன்காரர் ஆண்டனி பிராக்ஸ்டனும் அந்த மாதிரி ஒலிகளை உள்ளே கொண்டுவந்தார்கள். சாக்ஸபோனில் ஒரே ஊதலில் இரண்டு மூன்று ஸ்வரங்களைப் பிளந்து வரவைப்பது வருடக்கணக்கான உழைப்பு. தவறிப்போய் வருகிற சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மிட்செல் மூச்சு விடாமல் நிமிடக்கணக்கில் ஊதுவார். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுப்பதுதான் அதன் நுட்பம், நம்ம ஒத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த அதே நுட்பம்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் முழுமையாகாது. மதுக்கூடத்தை விட்டு அரங்குக்கு வந்தது இடம் மாறிய விஷயம் மட்டும் இல்லை. கண்ணாடிக் கோப்பைச் சத்தத்துக்கு நடுவே, முதலாளி சொல்லும் பாட்டை, ஓர் ஓரமாக நின்று வாசிப்பதை அவர்கள் மறுத்தார்கள். உட்கார்ந்து கேளுங்கள் என்றார்கள். இது நம் மண்ணிலும் நடந்தது. நாதஸ்வரக் கலைஞர்கள் நின்றுகொண்டே, மேல்சட்டை இல்லாமல், ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தபடி வாசித்த காலத்தில், டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். கோட்டு போட்டுக்கொண்டார், கிராப்பு வைத்துக்கொண்டார். தோடியை மணிக்கணக்கில் விரித்த அந்த மனோதர்மத்தை அந்த மரியாதையிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

நம்ம செட்டிநாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம் வாசித்து வந்தார். வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு. அதை எடுக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் அதட்டினார்கள். துண்டை எடுக்காதீர்கள், வாசியுங்கள் என்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே நின்றார். சுயமரியாதை இயக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வரும் நிகழ்ச்சி இது. ஏ.ஏ.சி.எம். வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துண்டுதான் நினைவுக்கு வரும். கலைஞரை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் இசையின் ஒரு பகுதிதான்.

நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக ஊரின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கும். சிகாகோ நிறவாரியாகப் பிளந்து கிடந்த ஊர். தெற்கில் ஏ.ஏ.சி.எம். இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தபின், 1989இல் பாஸ்டன் பக்கத்திலிருந்து கென் வாண்டர்மார்க் என்ற சாக்ஸபோன்காரர் வந்தார். அவரும் எழுத்தாளர் ஜான் கார்பெட்டும் 1996 முதல் எம்டி பாட்டில் என்ற ராக் கிளப்பில் வாராவாரம் மனோதர்மக் கச்சேரி நடத்தினார்கள். ஐரோப்பாவிலிருந்து கலைஞர்கள் வர ஆரம்பித்தார்கள். ஜெர்மனியின் பீட்டர் ப்ரோட்ஸ்மான், அலறலுக்கே இலக்கணம் எழுதியவர் என்று சொல்லலாம், 1997இல் சிகாகோக்காரர்களைச் சேர்த்து ஒரு பதின்மர் குழு அமைத்தார். 2012 வரை ஓடியது. 1999இல் வாண்டர்மார்க்குக்கு மெக்கார்தர் நிதி என்ற பெரிய உதவித்தொகை கிடைத்தபோது, அதில் ஒரு பகுதியை இந்தப் பெரிய குழுவை ஊர் ஊராகக் கூட்டிப் போகவே செலவிட்டார். நல்ல இசைதான். ஆனால் வெளியூர்ப் பத்திரிகைகள் பல நேரம் வடக்கை மட்டும் பார்த்து சிகாகோ என்று எழுதின. முப்பது வருடம் முன்பே அடித்தளம் போட்டவர்களுக்கு அது வலித்தது. அந்த வலி நியாயமானது.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்த இடம் ஒன்று இருந்தது: ஃப்ரெட் ஆண்டர்சனின் வெல்வெட் லவுஞ்ச். லூசியானாவில் 1929இல் பிறந்த ஆண்டர்சன் டெனர் சாக்ஸபோன் வாசிப்பவர். சவுத் சைடை ஒட்டி ஒரு சாதாரண மதுக்கூடத்தை 1982இல் எடுத்து நடத்த ஆரம்பித்தார். வாசலில் காசு வாங்குவதும் அவர், குடிக்க ஊற்றிக் கொடுப்பதும் அவர். அப்புறம் மேடைக்குப் போய், முதுகைக் குனிந்து, ஒரு மணி நேரம் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் கருவியோடு வரலாம். அந்தக் கட்டடம் இடிபடப் போகிறது என்றபோது, கலைஞர்கள் கச்சேரி நடத்திப் பணம் திரட்டி 2006இல் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 2010இல் ஆண்டர்சன் காலமானார். அவர் பெயரில் இப்போது சவுத் லூப்பில் ஒரு பூங்கா இருக்கிறது.

இந்த உலகத்துக்கும் நம்ம ஊருக்கும் தொடர்பே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 1945இல் பிறந்து 2023இல் மறைந்த மிருதங்க மேதை காரைக்குடி மணி, ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் குழுவோடு 1990களிலிருந்து வேலை செய்தார். அவருடைய கோர்வைகளை டிராம்போனும் சாக்ஸபோனும் கற்றுக்கொண்டு வாசித்தன, நடுவே ஜாஸ் கலைஞர்கள் தங்கள் வழியில் விரித்தார்கள். ஃப்யூஷன் என்ற பெயரில் வருகிற அவசரச் சேர்க்கைகளோடு அதைச் சேர்க்க மாட்டேன்; கணக்கு அவ்வளவு இறுக்கமாக இருக்கும். காரைக்குடி சகோதரர்களின் வீணை வழியில் வந்த காரைக்குடி எஸ். சுப்பிரமணியன் முனைவர் பட்டம் பெற்றது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில். டி. ரங்கநாதன் மிருதங்கமும் டி. விஸ்வநாதன் புல்லாங்குழலும் கற்பித்த அதே இசைத்துறைக்கு 1990இல் பேராசிரியராக வந்தவர் சிகாகோவின் ஆண்டனி பிராக்ஸ்டன்.

வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஆர்ட் என்செம்பிள் 1969இல் பாரிஸில் பதிவு செய்த 'பீப்பிள் இன் சாரோ'. நாற்பது நிமிடம், மெல்ல மெல்ல ஏறும். ஆலாபனைக் காதுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. அடுத்து ஃப்ரெட் ஆண்டர்சனும் டிரம்ஸ் ஹமீத் டிரேக்கும் 2007இல் வெளியிட்ட 'ஃப்ரம் தி ரிவர் டு தி ஓஷன்'. டிரேக் சட்டகப் பறையைக் கையால் வாசிப்பதைக் கேட்டால் உங்களுக்குப் புதுக்கோட்டைக் கஞ்சிரா நினைவு வரும். ஹென்றி திரட்கில், ஃப்ரெட் ஹாப்கின்ஸ், ஸ்டீவ் மெக்கால் மூவரின் 'ஏர்' குழுவையும் விடாதீர்கள். திரட்கில் 2016இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றவர். பெண்களில் நிக்கோல் மிட்செலின் புல்லாங்குழல், டோமேகா ரீடின் செல்லோ. 'சவுண்ட்' அதற்கப்புறம். பிராக்ஸ்டன் 1969இல் தனி ஒரு சாக்ஸபோனை வைத்துப் பதிவு செய்த 'ஃபார் ஆல்டோ'வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அதில் ஆரம்பித்தால் மறுபடி இந்தப் பக்கம் வரவே மாட்டீர்கள்.

செட்டிநாட்டில் நடக்குமா என்று கேட்டீர்கள். சாக்ஸபோனை வைத்துச் சிகாகோ மாதிரி ஒன்று செய்வதில் எனக்கு ஆர்வமில்லை. நடக்க வேண்டியது வேறு. இன்று நம்ம வீட்டுக் கல்யாணங்களில் நாயனக்காரரை எங்கே உட்கார வைக்கிறோம்? முகப்பில் ஒரு மூலையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். அவர் கல்யாணியைத் தொட்டு நாலு பிடி பிடிப்பதற்குள் யாரோ கெட்டிமேளத்துக்கு விரலாட்டுகிறார்கள். அப்புறம் சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வருகிறது. நல்ல வித்வான்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு ராகத்தை முழுதாக வாசித்து நாம் கேட்பது அரிதாகிவிட்டது. இது எனக்கு உண்மையான வருத்தம்.

பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைத் திறந்து, வளவில் ஐம்பது பேருக்குப் பாய் விரியுங்கள். ஒரு நாயனம், ஒரு தவில், ஒத்து. மைக் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஓசையை வாங்கித் திருப்பிக் கொடுக்கும், திறந்த முற்றம் அதிகமானதை வெளியே விட்டுவிடும். நாயனத்தின் கனத்துக்கு அது பொருந்தும். பொன்னாடை, சிறப்பு விருந்தினர், வரவேற்புரை எதுவும் வேண்டாம். நுழைவுக் கட்டணம் முழுவதும் வாசிப்பவர்களுக்கு. எதை வாசிப்பது, எவ்வளவு நேரம், யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அவர்களில் ஒரு இளைஞர், சுருதியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வெறும் சீவாளி ஓசையில் ஏதோ தேட விரும்பினால் அதற்கும் அங்கே இடம் இருக்கட்டும். அவர் விரும்பாவிட்டால் காம்போதியே போதும். ஏ.ஏ.சி.எம்.மிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஏற்பாட்டை. சத்தத்தை அல்ல.

நீங்கள் போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி மில்லேனியம் பூங்காவில் சிகாகோ ஜாஸ் விழா நடக்கும். 1979இலிருந்து நடக்கிறது, காசு கிடையாது. எல்லா வகையும் வரும், ஏ.ஏ.சி.எம். ஆட்களும் வருவார்கள். செப்டம்பர் கடைசியில் சவுத் சைடில் ஹைட் பார்க் ஜாஸ் விழா. தேவாலயம், அருங்காட்சியகம், புல்வெளி என்று பல இடங்களில் நடக்கும், நடந்தே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். மற்ற நாள்களில் வெஸ்டர்ன் அவென்யூவில் உள்ள கான்ஸ்டலேஷன். மைக் ரீட் என்ற டிரம்ஸ்காரர் 2013இல் தொடங்கியது, 49ஆம் நம்பர் பஸ் வாசலில் நிற்கும். அதே ஆளின் பொறுப்பில் பெல்மான்ட் தெருவில் ஹங்ரி பிரெயின். அவரோடு சம்பந்தமில்லாமல் தனியாக, லோகன் ஸ்கொயர் பக்கம் எலாஸ்டிக் ஆர்ட்ஸ். டிக்கெட் பெரிய விலை இருக்காது, மாணவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்கும். முன்வரிசையில் உட்காருங்கள், வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது தெரியும். இடைவேளையில் போய்ப் பேசுங்கள். பந்தா பண்ண மாட்டார்கள். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன் என்று சொன்னால் அவர்கள்தான் உங்களை விடாமல் கேள்வி கேட்பார்கள். அதற்காக ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் காருக்குறிச்சி அருணாசலத்தின் வாசிப்பும் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ராத்திரிக் கச்சேரி முடிந்து பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கும், கனமான கோட்டு ஒன்றை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குப் பத்தாது.